மேல்தெருத் தண்ணீர், கீழ்தெரு மனு

மலையூரில் சாக்கடைப் புகார் என்பது பெரும்பாலும் மேலே குடியிருப்பவரைப் பற்றிய புகார்தான். சமவெளியில் வாய்க்கால் அடைத்துக்கொண்டால் தண்ணீர் அங்கேயே தேங்கும். யார் வாசலில் தேங்குகிறதோ அவர் நகராட்சிக்குப் போவார். இங்கே தண்ணீர் தேங்காது. மேலே ஒருவர் கூரைத் தண்ணீர்க் குழாயைக் கொஞ்சம் திருப்பி விடுவார். பல வளைவு தாண்டிக் கீழே இன்னொருவர் வீட்டுச் சமையலறைச் சுவரில் ஈரம் ஏறும். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கூட இருக்கமாட்டார்கள். பல நேரம் ஒரே வார்டிலும் இருக்கமாட்டார்கள். இந்தக் கடைசி விஷயத்தைப் பற்றித்தான் எழுத நினைக்கிறேன்.

நீலகிரியில் இருக்கும் நகராட்சிகளில் ஒன்றில், எங்கள் வார்டின் ஒரு பகுதிக்கு நான் பிரதிநிதி. எந்த நகராட்சி என்று சொல்லப்போவதில்லை. சொன்னால் எங்கள் உதவிப் பொறியாளர் யார் என்று தெரிந்துவிடும். அவர் ஒன்றும் கெட்டவர் இல்லை. என் பிழைப்பு ஒரு தேயிலைத் தொழிற்சாலை அலுவலகத்தில். சிறு விவசாயிகள் கொண்டுவந்து போடும் பச்சைத் தேயிலைக்கு எடை, விலை, பிடித்தம் என்று கணக்கு எழுதுவது. அதனாலேயே தெருவில் யாருக்கு மனு எழுத வேண்டுமானாலும் என்னிடம் வருவார்கள். பிரதிநிதி ஆனதும் அப்படித்தான். "உனக்குத்தான் எழுத வருமே தம்பி, நீயே இருந்துக்கோ" என்றார் கவுன்சிலர் அக்கா. நகர்மன்றத்தில் பெயர் போனது, முடிந்தது. இதற்குத் தேர்தல் கிடையாது, மன்றம் நியமிப்பதுதான். அதில் எனக்கு மனவருத்தம் உண்டு. நியமனம் என்றால் கவுன்சிலருக்கு வேண்டியவர்தான் வருவார் என்பது ஊருக்கே தெரியும். என் விஷயத்தில் அவருக்கு வேண்டியது என் கையெழுத்து.

பகுதிப் பிரதிநிதி, வார்டு குழு என்ற இந்த ஏற்பாடு எங்கள் மலைக்கு வந்து சேரவே நீண்ட காலம் ஆனது. 1992-ல் நிறைவேறி 1993 ஜூனில் நடைமுறைக்கு வந்த 74-வது அரசியலமைப்புத் திருத்தம், வார்டு குழு வேண்டும் என்று சொன்னது உண்மை. ஆனால் மூன்று லட்சம் பேரும் அதற்கு மேலும் வாழும் நகரங்களுக்குத்தான் அது கட்டாயம். 2011 கணக்கெடுப்பில் ஊட்டியின் மக்கள் தொகை 88 ஆயிரத்துச் சொச்சம். குன்னூர் 45 ஆயிரம். பழனி மலையில் கொடைக்கானல் 36 ஆயிரம். எங்களில் யாருமே அந்தக் கணக்கில் இல்லை. மே மாதத்தில் மலையேறி வருகிறவர்களையும் சேர்த்து எண்ணியிருந்தால் ஒருவேளை தேறியிருப்போம்.

2022-ல்தான் தமிழக அரசு வார்டு குழு, பகுதி சபைக்கான விதிகளைக் கொண்டுவந்தது. சிறிய ஊர்களும் அதற்குள் வந்தன. வார்டைப் பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியின் வாக்காளர்கள் எல்லோரும் உறுப்பினர்களாக ஒரு சபை. பகுதிக்கு ஒரு பிரதிநிதி. அவர்களை வைத்துக் கவுன்சிலர் தலைமையில் வார்டு குழு. அந்த ஆண்டு நவம்பர் 1, உள்ளாட்சி நாளன்று முதல் கூட்டங்கள் நடந்தன. முதலமைச்சர் பம்மலில் நடந்த கூட்டத்தில் உட்கார்ந்திருந்ததைத் தொலைக்காட்சியில் காட்டினார்கள். எங்கள் கூட்டம் ஒரு பள்ளி வராந்தாவில் நடந்தது. மைக் வேலை செய்யவில்லை. பனி இறங்கியதும் பாதிப் பேர் எழுந்து போய்விட்டார்கள்.

அதற்கு முன்பு என்ன இருந்தது என்று கேட்டால், கவுன்சிலரே இல்லாத காலம் ஒன்று இருந்தது. 2016 அக்டோபரில் பழைய மன்றங்களின் பதவிக்காலம் முடிந்தது. அடுத்த நகர்ப்புறத் தேர்தல் 2022 பிப்ரவரி 19 அன்றுதான் நடந்தது. இடையில் ஐந்து ஆண்டுகளுக்கு மேல் தனி அலுவலர் ஆட்சி. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியபோது மலையில் எந்த நகராட்சியிலும் கவுன்சிலர் கிடையாது. அந்த நாட்களில் நாங்கள் புகார் சொன்னது தண்ணீர் திறந்துவிடும் வால்வுக்காரரிடம். நகராட்சி ஆள் என்று தெருவுக்குத் தவறாமல் வந்தவர் அவர் ஒருவர்தான். சாக்கடை, தெருவிளக்கு, நாய்க்கடி எல்லாவற்றையும் அவரிடமே சொல்வோம். பாவம், அவரும் கேட்டுக்கொள்வார். ஆகவே மைக் வேலை செய்யாத கூட்டமானாலும் எங்களுக்கு அது பெரிய விஷயம்தான்.

சபை கூடுவதற்கு ஆண்டில் நான்கு நாட்கள் குறித்திருக்கிறார்கள்: ஜனவரி 25, ஏப்ரல் 14, செப்டம்பர் 15, டிசம்பர் 10. சமவெளிக்கு இவை நல்ல நாட்களாக இருக்கலாம். இங்கே ஏப்ரல் 14 என்றால் சீசன் தொடங்கியாயிற்று. டாக்சி ஓட்டுபவர், காட்டேஜ் பார்த்துக்கொள்பவர், வர்க்கி கடைக்காரர், யாரும் வரமாட்டார்கள். நகராட்சி ஊழியர்களும் பூங்கா, பேருந்து நிலையம் என்று போய்விடுவார்கள். ஏப்ரலில் கொடுத்த மனுவை மலர்க் கண்காட்சி முடியும் வரை யாரும் பிரிப்பதுகூட இல்லை என்பது என் கணிப்பு. டிசம்பர் 10 அன்று மழையோ உறைபனியோ, இரண்டில் ஒன்று இருக்கும்.

முதல் கூட்டத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். குரங்கு, காட்டுமாடு, குப்பை வண்டி, தெருவிளக்கு, பக்கத்து வீட்டு நாய். கரடி வந்து கோயில் விளக்கெண்ணெயைக் குடித்துவிட்டுப் போகிறது என்று ஒரு பாட்டி எழுந்து சொன்னார். நகராட்சியிலிருந்து வந்தவர் அது வனத்துறை என்றார். "கரடிக்கு அது தெரியுமா?" என்று பாட்டி திருப்பிக் கேட்டார். நான் பதிவேட்டில் எல்லாவற்றையும் எழுதினேன். ஒவ்வொன்றுக்கும் எதிரே "ஆவன செய்யப்படும்" என்று எழுதச் சொன்னார்கள். அதையும் எழுதினேன்.

பாட்டி கேட்ட கேள்வி விளையாட்டுக்கில்லை. மலையில் ஒரு தெருவில் நின்றால் எத்தனை துறையின் நிலத்தில் நிற்கிறோம் என்று சொல்வது கஷ்டம். படிக்கட்டு நகராட்சியுடையது. அதற்கு மேலே போகும் சாலை மாநில நெடுஞ்சாலை. சாலைக்கு மேலே சோலைக்காடு வனத்துறை. பக்கத்துச் சரிவு வருவாய்த்துறைப் புறம்போக்கு. சில இடத்தில் ரயில்வே, சில இடத்தில் கன்டோன்மென்ட், சில இடத்தில் அரசுத் தேயிலைத் தோட்டக் கழகம். கூடலூர்ப் பக்கம் இன்னும் மோசம். பழைய ஜென்மிகளின் நிலத்தை அரசு எடுத்துக்கொண்ட 1969-ஆம் ஆண்டின் ஜென்ம நிலச் சட்டத்தின் பிரிவு 17-ல், உரிமை தீராமல் சிக்கிய நிலங்களில் பல ஆண்டுகளாகக் குடியிருப்பவர்கள் வீட்டுக்கு மின் இணைப்பு வாங்குவதற்கே போராட வேண்டியிருக்கிறது. அங்கே சாக்கடைப் பேச்சுக்கு முன்னால் நிலத்தின் பேச்சு வந்துவிடும். எங்கள் பகுதியில் அந்த அளவுக்குச் சிக்கல் இல்லை. எங்களுக்கு வந்தது ஒரு சுவர்.

எங்கள் தெரு என்பது தெரு இல்லை, படிக்கட்டு. ஒரு பக்கம் வீடுகள், மறுபக்கம் தடுப்புச்சுவர். கருங்கல் கட்டு, யார் காலத்தில் கட்டியதோ தெரியாது. அந்தச் சுவர் நடுவில் வயிறு தள்ளத் தொடங்கியது. 2009 நவம்பரைப் பார்த்தவர்களுக்கு இப்படி ஒரு சுவரைப் பார்த்தால் தூக்கம் வராது. அந்த மழையில் கேத்தியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் பதிவானது. மாவட்டத்தில் நாற்பது பேருக்கு மேல் மண்ணுக்குள் போனார்கள். எங்கள் தெருவில் அன்றைக்குப் பிறந்திராத பிள்ளைகளுக்குக்கூட அந்தக் கதை தெரியும்.

சுவரைப் பற்றி மனு கொடுத்தோம். இங்கே மனு எழுதும் தொழில்நுட்பத்தைக் கொஞ்சம் சொல்லியே ஆக வேண்டும். "எங்கள் தெருவில் தடுப்புச்சுவர் பழுதடைந்துள்ளது, நடவடிக்கை எடுக்கவும்" என்று எழுதினால் அது தபால் பிரிவில் சேர்ந்து, ஒரு நாள் முடித்துவைக்கப்பட்டதாகக் குறுஞ்செய்தி வரும். எந்த மின்கம்பத்திலிருந்து எந்த மின்கம்பம் வரை, நீளம் எத்தனை மீட்டர், உயரம் எவ்வளவு, கீழே எத்தனை வீடு, நகர அளவைப் பதிவேட்டில் என்ன எண் என்று எழுத வேண்டும். படிக்கட்டுத் தெருக்களில் கதவு எண் வரிசையாக இருக்காது. மின்கம்ப எண் மட்டும் பெயின்டில் அழகாக எழுதியிருக்கும். பணி ஆய்வாளர் தேடி வரும்போது அதுதான் வழிகாட்டி. அப்புறம், ஒரு மனுவில் ஒரு விஷயம்தான். சுவரோடு தெருவிளக்கையும் சேர்த்தால் விளக்கைப் போட்டுவிட்டு மனுவை முடித்துவிடுவார்கள். வாங்கிய ரசீதைப் பத்திரமாக வைக்க வேண்டும். தொழிற்சாலையில் எடைச்சீட்டைத் தொலைத்தவரின் தேயிலைக்கு என்ன கதியோ அதே கதிதான் ரசீதைத் தொலைத்த மனுவுக்கும்.

பொறியாளர் வந்தார். வந்தது பிப்ரவரியில், நல்ல வெயிலில். சுவரைத் தட்டிப் பார்த்தார். மதிப்பீடு போடலாம், பொது நிதியில் பணம் இல்லை, அடுத்த நிதியாண்டில் பார்க்கலாம் என்றார். முதலமைச்சர் உதவி மையத்தின் 1100 எண்ணுக்கும் சொல்லிவைத்தோம். "நிதி ஆதாரத்தைப் பொறுத்துப் பரிசீலிக்கப்படும்" என்று பதில் வந்தது. நமக்கு நாமே திட்டத்தில் செய்யலாமே என்று ஒருவர் யோசனை சொன்னார். அதில் மதிப்பீட்டில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கை மக்கள் கட்ட வேண்டும். சபையில் அன்றைக்கு நடந்த சண்டைக்கு அளவே இல்லை. "சொத்து வரி கட்டுறோம்ல, மறுபடி எதுக்குக் காசு?" என்று கேட்ட அண்ணன் பக்கம்தான் நான். பூங்காவுக்கும் விளையாட்டுத் திடலுக்கும் அந்தத் திட்டம் சரி. உயிர் காக்கும் சுவருக்கு அதை வைத்தால் காசுள்ள தெருவுக்குச் சுவர் முதலில் வரும், தோட்டத் தொழிலாளர் லைன் வீட்டுக்காரர்களுக்குக் கடைசியில் வரும். பிரதிநிதி என்று ஒருவன் இருப்பதே இந்த வரிசையைக் கேள்வி கேட்பதற்குத்தான் என்று நினைக்கிறேன்.

திருப்பம் தந்தது மேஸ்திரி. எங்கள் தெருவிலேயே இருப்பவர், தலைமுறையாகக் கருங்கல் வேலை. சுவரைப் பார்த்துவிட்டு அவர் சொன்னது இதுதான்: "இது சுவரோட தப்பு இல்ல சார். சுவர் தண்ணி குடிச்சிருக்கு. பின்னாடி தண்ணி எங்கேயிருந்து வருதுன்னு பாக்காம புதுசாக் கட்டினாலும் பத்து வருஷத்துல இதே வயிறு வரும்." தடுப்புச்சுவரில் தண்ணீர் வடியத் துளை விட்டிருப்பார்கள். எங்கள் சுவரில் துளைகள் இருந்தன, பிற்காலத்தில் யாரோ சிமென்ட் பூசி அடைத்திருந்தார்கள், பார்க்க அழகாக இருக்கட்டும் என்று. ஆனால் துளையைத் திறந்தாலும் வடியும் அளவுக்கா பின்னால் தண்ணீர் சேர்கிறது? அது எங்கிருந்து?

அதற்கு மேலே ஏற வேண்டியிருந்தது. மேலே என்றால் அடுத்த வார்டு. அங்கேயும் ஒரு பகுதிப் பிரதிநிதி இருந்தார். பேக்கரி நடத்தும் ஓர் அக்கா. அதுவரை பேசியதில்லை. எங்கள் தெருவில் அவர்கள்மேல் ஏற்கெனவே கோபம்: மேல்தெருக்காரர்கள் குப்பையைக் கீழே கொட்டுகிறார்கள் என்று. அவர்களுக்கு எங்கள்மேல் கோபம்: குழாய்த் தண்ணீர் முழுக்கக் கீழ்தெருவுக்கே இறங்கிவிடுகிறது, மேட்டில் இருப்பவர்களுக்கு எட்டுவதில்லை என்று. தண்ணீர் வரும் நாளில் கீழே இருப்பவர்கள் தொட்டியை நிரப்பிக்கொண்ட பிறகுதான் மேட்டுக்கு அழுத்தம் கிடைக்கும் என்பது உண்மையும்கூட. இதை அவர் சொன்ன வேகத்தில், சுவரைப் பற்றிப் பேச எனக்கு வாயே வரவில்லை. சரி அக்கா, முதலில் உங்கள் விஷயத்தை எழுதலாம் என்றேன். வால்வு திறக்கும் நேரத்தை மேலே ஒரு நாள், கீழே ஒரு நாள் என்று மாற்றக் கேட்டு இரண்டு பகுதியும் சேர்ந்து கையெழுத்துப் போட்டோம். காசு செலவில்லாத வேலை, உடனே நடந்தது. எங்கள் தெருவில் சிலர் என்னைத் திட்டினார்கள்.

அடுத்த மழையில் அந்த அக்காவும் நானும் மேஸ்திரியும் குடையைப் பிடித்துக்கொண்டு தண்ணீரின் பின்னால் ஏறினோம். இதைத்தான் எல்லா மலைவார்டுப் பிரதிநிதிகளுக்கும் நான் சிபாரிசு செய்வேன்: வெயிலில் பொறியாளரை அழைப்பதற்கு முன்னால் மழையில் நீங்கள் ஏறிவிடுங்கள். பார்த்தது இது. நெடுஞ்சாலையின் அடியில் தண்ணீர் கடந்துபோக ஒரு கல்வெர்ட், சின்னப் பாலம். அதன் வாய் முன்பு ஓர் ஓடையில் திறந்திருக்கிறது. ஓடையின் ஓரத்தில் ஒரு காட்டேஜ் வந்து, அதன் வண்டி நிறுத்துமிடத்துக்காக மண் நிரப்பி, ஓடை ஒதுங்கிவிட்டது. தண்ணீர் தேயிலைச் செடிகளுக்கிடையில் புதுவழி பிடித்து, நேராக எங்கள் சுவரின் முதுகுக்கு வந்துகொண்டிருந்தது. அக்காவின் தெருவில் இரண்டு வீட்டின் பின்புறமும் அதே தண்ணீரில் ஊறிக்கொண்டிருந்தது. அவர்கள் அதை ஊற்று என்று நினைத்திருந்தார்கள்.

நீலகிரியில் கட்டடத்துக்கு விதிகள் குறைவில்லை. 1993-லிருந்தே மாஸ்டர் பிளான் விதி இருக்கிறது, உயரம் ஏழு மீட்டருக்குள், பொக்லைன் இயக்க மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி. ஆனால் கூடை கூடையாகக் கையால் மண் கொட்டினால் எந்த அதிகாரி கண்ணிலும் படாது. தெருக்காரர் கண்ணில்தான் படும். அந்தத் தெருக்காரர் வேறு வார்டு என்றால் அவர் ஏன் சொல்லப்போகிறார்?

கல்வெர்ட் யாருடையது என்று உறுதி செய்யத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி மனு போட்டோம். நகராட்சி அதைப் பிரிவு 6(3)-ன்படி நெடுஞ்சாலைத் துறைக்கு மாற்றி அனுப்பியது. மாற்றி அனுப்பியதே எங்களுக்குப் பெரிய பதில். அதுவரை இரண்டு அலுவலகமும் ஒன்றை ஒன்று கைகாட்டிக்கொண்டிருந்தன. இப்போது ஓர் அலுவலகம் கையெழுத்துப் போட்டு இது எங்களுடையது அல்ல என்று சொல்லிவிட்டது. இன்னொன்று தன்னுடையது என்று ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. பிறகு இரண்டு கவுன்சிலர்களையும் ஒரே நாளில் அழைத்து வந்தோம். அவர்கள் வேறு வேறு கட்சி. ஒருவர் வந்தால் மற்றவர் வரமாட்டேன் என்றார்கள். அக்கா தன் பேக்கரியில் டீயும் பன்னும் தருவதாகச் சொல்லி, இருவரிடமும் மற்றவர் வருவதைச் சொல்லாமலே அழைத்தார். வந்த பிறகு யாரும் எழுந்து போக முடியவில்லை.

அப்போது எங்கள் கவுன்சிலர் அக்கா செய்த ஒரு காரியத்தை எழுதியாக வேண்டும். பெண் கவுன்சிலர் என்றால் போனை எடுப்பது கணவர், கையெழுத்து மட்டும் மனைவி என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. பல இடங்களில் அது நிஜமும்கூட. இவர் மன்றக் கூட்டத்தில் எழுந்து, பக்கத்து வார்டின் பெயரையும் சேர்த்தே தீர்மானம் கொண்டுவந்தார். தன் வார்டு நிதியைப் பிறர் வார்டு மண்ணில் செலவு செய்யலாமா என்று கேலி பேசினார்கள். "தண்ணி உங்க வார்டுப் பலகையப் பாத்துட்டா இறங்குது?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தார். தீர்மானம் நிறைவேறியது.

அதன் பிறகும் டெண்டருக்கு யாரும் வரவில்லை. காரணம் எளிது. லாரி சாலை வரைக்கும்தான் வரும். கல்லும் மணலும் சிமென்டும் அங்கிருந்து படிக்கட்டில் தலைச்சுமையாக இறங்க வேண்டும். சின்ன வேலை, பெரிய கூலி, ஒப்பந்ததாரருக்குக் கட்டாது. சுமைக்கூலியைத் தனியாகச் சேர்த்து மதிப்பீட்டைத் திருத்திய பிறகுதான் ஒருவர் எடுத்தார். அவரிடம் வேலை செய்ய வந்தவர்களில் எங்கள் மேஸ்திரியும் ஒருவர். துளைகளை அவர் எண்ணி எண்ணி விட்டார். நெடுஞ்சாலைத் துறை கல்வெர்ட்டின் வாயிலிருந்து ஒரு கான்கிரீட் வாய்க்கால் கட்டித் தண்ணீரைப் பழைய ஓடைக்குத் திருப்பியது. காட்டேஜ்காரர் நிரப்பிய மண் அப்படியே இருக்கிறது. அவருக்கு நோட்டீஸ் போயிருக்கிறது, அவரும் பதில் போட்டிருக்கிறார். அந்தக் கடிதப் போக்குவரத்து எங்கள் ஆயுளுக்கும் நடக்கும் போலிருக்கிறது.

இந்த மன்றத்தின் பதவிக்காலமே 2027 தொடக்கம் வரைக்கும்தான். மறுபடியும் 2016 போல ஓர் இடைவெளி வந்தால் எங்கள் பதிவேடு யாரிடம் இருக்கும் என்று பேக்கரி அக்கா கேட்டார். இரண்டு பிரதி எடுத்து அவர் வீட்டில் ஒன்று, என் வீட்டில் ஒன்று என்று வைத்திருக்கிறோம். விதியில் இதற்கு இடமிருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை.

போன மாதம் ஒரு போன் வந்தது. பழைய ஓடை எங்களைத் தாண்டி இறங்கும் இடத்தில் இன்னொரு வார்டு இருக்கிறது. வறண்ட ஓடை என்று நினைத்து அதன் ஓரமாகக் கோழிக்கூண்டும் விறகுக் கொட்டகையும் போட்டிருந்தவர்களுக்கு இப்போது தண்ணீர் வந்து சேர்கிறது. அந்தப் பகுதியின் பிரதிநிதி ஓர் இளைஞர், ஆட்டோ ஓட்டுபவர். "அண்ணா, உங்க சுவரு நல்லாருக்கு, எங்க கொட்டகைதான் போச்சு" என்றார். டிசம்பர் சபையில் அவர்களுக்கு இதுதான் முதல் பொருள், நீங்களும் வர வேண்டும் என்று கேட்டார். எங்கள் தெருவில் பாதிப் பேர் போக வேண்டாம் என்கிறார்கள்; நம்ம வேலை முடிந்தது, எதற்கு வீண் வம்பு என்று. பேக்கரி அக்கா கடையை மகனிடம் விட்டுவிட்டு வருவதாகச் சொல்லியிருக்கிறார். நெடுஞ்சாலைத் துறைக்கு நாங்கள் கொடுத்த மனு, அவர்கள் தந்த பதில், ஓடை போகும் நிலங்களின் சர்வே எண்கள் எல்லாவற்றையும் நகல் எடுத்து ஒரு பைலில் போட்டு வைத்திருக்கிறேன். அந்த இளைஞருக்கு அவை தேவைப்படும்.